கிணற்றுக்காக ஒரு தீர்மானம்: சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன்

கோயம்புத்தூரில் ஒரு பள்ளிக்கூடம். ஏறக்குறைய 400 பிள்ளைகள் படித்தார்கள். பத்துப் பேர் போக மற்ற எல்லோரும் பிராமணப் பிள்ளைகள். அந்தப் பத்துப் பேரில் ஒரு பையன் மட்டும் பள்ளி மணி அடிக்கும்வரை உள்ளே வரமாட்டான். வெளியே எங்காவது ஒதுங்கி நின்று பாடம் படித்துக்கொண்டிருப்பான். மணி அடித்ததும் ஓடிவந்து வகுப்பில் உட்காருவான். சீக்கிரம் வந்தால் மற்ற பிள்ளைகள் பேச்சுக் கொடுப்பார்கள்; எந்த ஊர், எந்தத் தெரு, என்ன சாதி என்று கேட்பார்கள்; தெரிந்துவிட்டால் அவமானப்படுத்துவார்கள் என்ற பயம்.

அந்தப் பையன்தான் பின்னாளில் சென்னை மாகாணச் சட்டசபையில் ஏறக்குறைய 15 ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார். லண்டனில் நடந்த வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் உட்கார்ந்தார். 79 வயதில், 1939-ஆம் ஆண்டில், ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்ற சிறிய நூலில் மணிக்காகக் காத்திருந்த அந்த நாட்களையும் எழுதிவைத்தார். அவர்தான் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன். நம் மக்கள் அன்போடு ‘தாத்தா’ என்று சொல்லும் பெரியவர். செப்டம்பர் 18 அவருடைய நினைவு நாள்.

செங்கல்பட்டுப் பக்கம் பிறந்தவரைப் பற்றிப் புதுக்கோட்டையில் நாம் ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். தண்ணீர்தான் காரணம். பொதுக் கிணறும் குளமும் தெருவும் எல்லோருக்கும் பொது என்று சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் அவர். அது நடந்து 98 ஆண்டுகள் கழித்து, நம் மாவட்டத்து வேங்கைவயலில் ஆதிதிராவிடர் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நடுவே என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்பதைத் தெரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கை நமக்கு உதவும்.

அப்பா பெயர் இரட்டைமலை

‘இரட்டைமலை’ என்பது ஊர்ப் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அது அவருடைய தகப்பனார் பெயர். மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் உள்ள கோழியாளம் கிராமத்தில் 1860-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் தேதி சீனிவாசன் பிறந்தார். படிப்பு கோயம்புத்தூரில். படித்து முடித்ததும் நீலகிரியில் வெள்ளைக்காரர் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. அங்கே சுமார் பத்து ஆண்டுகள் இருந்துவிட்டு 1890-இல் சென்னைக்கு வந்தார். நீலகிரியில் இருந்து நம் மக்களுக்காக எழுதியும் பேசியும் வந்த பண்டிதர் அயோத்திதாசர் இவருக்கு மைத்துனர். சீனிவாசனின் சகோதரியைத்தான் அயோத்திதாசர் மணந்திருந்தார்.

சென்னைக்கு வந்தவர் 1893-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘பறையன்’. எந்தப் பெயரைச் சொல்லி ஊர் நம்மை இழிவுபடுத்தியதோ அதே பெயரைப் பத்திரிகையின் நெற்றியில் அச்சடித்தார். சின்ன வயதில் சாதி தெரிந்துவிடக்கூடாது என்று பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஒளிந்து நின்ற அதே ஆள்தான் இவர். மாதப் பத்திரிகையாகத் தொடங்கிய ‘பறையன்’ பிறகு வாரப் பத்திரிகையாகி, ஏழு ஆண்டுகள் ஓடியது. கையில் பெரிய பணம் எதுவும் இல்லாமல் நடத்திய பத்திரிகை அது.

அதே 1893-இல் நடந்த ஒரு காரியத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஐ.சி.எஸ். என்ற பெரிய உத்தியோகத்துக்கான தேர்வு அப்போது லண்டனில் மட்டும் நடந்தது. அதை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. நாட்டுப்பற்று உள்ள கோரிக்கைதான். ஆனால் சீனிவாசன் அதை எதிர்த்தார். தேர்வு இங்கே நடந்தால், ஏற்கனவே படித்து முன்னேறிய ஒரு சில சாதிகளே எல்லா உத்தியோகங்களையும் பிடிக்கும்; கலெக்டரும் நீதிபதியும் அவர்களே ஆனால் சேரியில் இருப்பவன் முறையீட்டை யாரிடம் கொண்டுபோவது என்று கேட்டார். சென்னையில் கூட்டம் கூட்டி, 3,412 பேர் கையெழுத்திட்ட மனுவை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். ஒட்டிச் சேர்த்த அந்த மனுவின் நீளம் 112 அடி.

இன்றைக்கு அந்த நிலைப்பாடு நமக்கு நெருடலாம். ஆனால் அவர் எழுப்பிய கேள்வி சாகவில்லை. அதிகாரம் யார் கைக்கு மாறுகிறது, மாறும்போது கடைசியில் நிற்பவனுக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வி அது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு இருந்த காலத்தில் 3,412 பேரைத் திரட்டிக் கையெழுத்து வாங்கியதே பெரிய அரசியல் பாடம்.

1900-இல் லண்டன் போய் நேரில் முறையிடும் எண்ணத்தோடு கப்பல் ஏறினார். பயணம் ஆப்பிரிக்காவில் நின்றது. தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். காந்தியுடன் பழக்கம் ஏற்பட்டது அங்கேதான். ஊர் திரும்பியபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. மற்றவர்கள் ஓய்வெடுக்கும் அந்த வயதில்தான் அவருடைய சட்டசபை வாழ்க்கை தொடங்குகிறது.

ஓட்டு இல்லாத உறுப்பினர்

1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்தில் சட்டசபைத் தேர்தல் நடந்தது. ஆனால் எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. சொத்தும் வரியும் இருந்தால்தான் ஓட்டு. கூலிக்காரனுக்கும் பண்ணையாளுக்கும் நிலம் ஏது, வரி ஏது? ஆகவே நம் மக்களில் ஓட்டுப் போட்டவர்கள் மிகச் சிலர். நம் பிரதிநிதிகளைக் கவர்னரே நியமிப்பார். அப்படி நியமனம் பெற்று முதலில் உள்ளே போனவர்களில் முக்கியமானவர் எம்.சி. ராஜா. இனி அரசு ஆவணங்களில் ‘ஆதிதிராவிடர்’ என்றே எழுத வேண்டும் என்று அவர் கொண்டுவந்த தீர்மானத்தை ஏற்று 1922-இல் அரசாணை வந்தது. இன்று நம் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழில் இருக்கும் ‘ஆதிதிராவிடர்’ என்ற சொல்லுக்குப் பின்னால் இப்படி ஒரு சட்டசபைக் கதை இருக்கிறது.

1923-இல் இரட்டைமலை சீனிவாசன் நியமிக்கப்பட்டார். அவருக்குத் தொகுதி இல்லை. பின்னால் பெரிய கட்சி இல்லை. ஆட்சியைக் கவிழ்க்கும் எண்ணிக்கை இல்லை. அவர் கையில் இருந்தவை இரண்டே. எழுந்து பேசும் உரிமை ஒன்று, தீர்மானம் கொண்டுவரும் உரிமை மற்றொன்று. இரண்டையும் அவர் வீணாக்கவில்லை.

நியமன உறுப்பினர் அரசாங்கத்தின் ஆள் என்று இகழ்ந்தவர்கள் அப்போதும் இருந்தார்கள். அவர் ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று பட்டங்கள் வாங்கியதையும் குறை சொன்னார்கள். பட்டத்தைப் பார்த்தவர்கள், அதை வைத்துக்கொண்டு அவர் எந்தக் கதவைத் தட்டினார் என்பதையும் பார்த்திருக்க வேண்டும்.

1924 ஆகஸ்ட் 22

நீதிக் கட்சி ஆட்சி. பனகல் அரசர் முதல் அமைச்சர். 1924-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22-ஆம் தேதி இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தைச் சென்னைச் சட்டசபை ஏற்றது. அதில் இரண்டு செய்திகள் இருந்தன. ஊரிலோ நகரத்திலோ உள்ள எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் பாதையிலும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடக்கலாம், அதற்குத் தடை இருக்கக்கூடாது என்பது முதல் செய்தி. பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் பொது இடம் எல்லாவற்றிலும் சாதி இந்துக்களுக்கு இருக்கும் அதே உரிமை ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் உண்டு என்பது இரண்டாவது. செப்டம்பர் 25-ஆம் தேதி இது அரசாணையாக வெளிவந்தது.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கு, இதில் என்ன பெரிய விஷயம், தெருவில் நடப்பதற்குக்கூட ஒரு தீர்மானமா என்று தோன்றும். அப்படித் தோன்றுவதே அந்தத் தலைமுறை நமக்குச் சம்பாதித்துத் தந்த சொத்து. ஆனால் நம் ஊர்களில் எழுபது வயது தாண்டிய பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். எந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள், எந்த ஊருணியில் எந்தப் படித்துறையில் மட்டும் இறங்கினார்கள், யாராவது வந்து ஒரு குடம் மொண்டு ஊற்றமாட்டார்களா என்று எத்தனை நேரம் காத்து நின்றார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதிவையுங்கள். சட்டசபைத் தீர்மானத்தின் அருமை அப்போது புரியும்.

அந்தத் தீர்மானத்தில் ஒரு குறையும் இருந்தது. உரிமை உண்டு என்று சொன்னதே தவிர, தடுத்தவனுக்கு என்ன தண்டனை என்று சொல்லவில்லை. கிணற்றடியில் கம்போடு நிற்பவனிடம் அரசாணையைக் காட்டி என்ன செய்வது?

இதே கதை அப்போது பம்பாய் மாகாணத்திலும் நடந்துகொண்டிருந்தது. அங்கே 1923-ஆம் ஆண்டிலேயே எஸ்.கே. போலே என்பவர் கொண்டுவந்த இதே மாதிரியான தீர்மானம் நிறைவேறியது. மகாடு நகராட்சியும் தன் சவுதார் குளம் எல்லோருக்கும் பொது என்று அறிவித்தது. ஆனாலும் ஒருவரும் அந்தக் குளத்தில் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20-ஆம் தேதி அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். திரும்பி வந்தவர்களை அடித்து நொறுக்கினார்கள். குளத்தைத் ‘தீட்டுக்கழிக்க’ மாட்டுச் சாணமும் கோமியமும் ஊற்றினார்கள். சட்டசபையில் நிறைவேறிய தீர்மானம் குளக்கரைக்கு வந்து சேர நான்கு ஆண்டுகளும் ஒரு பெரிய போராட்டமும் தேவைப்பட்டன.

சமஸ்தான எல்லையில் நின்ற அரசாணை

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம். 1924-இல் இன்றைய புதுக்கோட்டை மாவட்டம் என்று ஒன்று கிடையாது. புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, குளத்தூர் பகுதிகள் தொண்டைமான் சமஸ்தானம். அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடிப் பக்கம் தஞ்சாவூர் ஜில்லா. அது வெள்ளைக்காரர் ஆண்ட சென்னை மாகாணம். ஆகவே இரட்டைமலை சீனிவாசன் வாங்கிய அரசாணை அறந்தாங்கியில் செல்லும், ஆலங்குடியில் செல்லாது. ஒரே வயல்வெளிதான், ஒரே வெயில்தான், ஒரே தீண்டாமைதான். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்குக் கிணற்றில் காகிதத்தின் மேலாவது உரிமை உண்டு. இந்தப் பக்கம் இருப்பவனுக்கு அதுவும் இல்லை.

அதே 1924-இல் சமஸ்தானத்திலும் ஒரு சட்டசபை தொடங்கியது என்பது வரலாறு. ஆனால் மன்னராட்சிக்குள் இருந்த சபை அது. 1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி ஜில்லாவில் சேர்ந்தது. 1974 ஜனவரி 14-இல் புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனது. நம் பகுதியில் ஒரு பெருங்கூட்டம் பொது உரிமை என்ற சொல்லையே அக்கம்பக்கத்து ஜில்லாக்களைவிடக் கால் நூற்றாண்டு தாமதமாகத்தான் சட்டப் புத்தகத்தில் பார்த்தது. சமஸ்தானத்தின் அரண்மனையையும் கோயிலையும் குளங்களையும் பெருமையோடு பேசுகிறோம், பேச வேண்டியதுதான். அந்தக் குளங்களில் யார் இறங்கினார்கள், யார் கரையில் நின்றார்கள் என்பதையும் சேர்த்துப் பேசினால்தான் வரலாறு முழுமையாகும்.

லண்டனில் கேட்ட தண்டனை

1930 நவம்பரில் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு. ஒடுக்கப்பட்ட மக்களின் சார்பில் இரண்டு பேர் அழைக்கப்பட்டார்கள். ஒருவர் 39 வயது அம்பேத்கர், இன்னொருவர் 70 வயது இரட்டைமலை சீனிவாசன். மன்னர் ஐந்தாம் ஜார்ஜை அவர் சந்தித்த கதை நம் மக்களிடம் தலைமுறையாகச் சொல்லப்படுவது. தாம் யார் என்பதைச் சட்டையில் எழுதிக் குத்திக்கொண்டு போனார். கைகொடுக்க வந்த மன்னரிடம் தயங்கி நின்றார். தீண்டாமை என்றால் என்ன என்று மன்னர் கேட்டபோது, தெருவில் நான் விழுந்து கிடந்தால் தூக்கிவிட ஒருவரும் வரமாட்டார்கள் என்று சொன்னார் என்பது அந்தக் கதை.

கதையைவிடப் பெரியது அங்கே அவர்கள் கொடுத்த மனு. அம்பேத்கரும் சீனிவாசனும் சேர்ந்து கையெழுத்திட்டு, எதிர்கால அரசியல் சட்டத்தில் நம் மக்களுக்கு வேண்டிய பாதுகாப்புகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். சம குடியுரிமை முதல் கோரிக்கை. சாலை, தெரு, குளம், கிணறு முதலியவற்றை ஒருவர் பயன்படுத்துவதைத் தடுத்தால் அது குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஊர்விலக்கு வைப்பதும் குற்றமாக வேண்டும் என்றார்கள். கூலி வேலை மறுப்பது, கடையில் சாமான் மறுப்பது, பாதையை அடைப்பது என்று உரிமை கேட்டவனின் வயிற்றில் அடிக்கும் ஆயுதம் ஊர்விலக்கு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1924-இல் சென்னையில் கிடைக்காமல் போன தண்டனையை 1930-இல் லண்டனில் கேட்டார் தாத்தா. முதல் தீர்மானத்தில் எது குறை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அம்பேத்கருடன் இவ்வளவு நெருக்கமாக நின்றவர் எல்லாவற்றிலும் அவரோடு ஒத்துப்போகவும் இல்லை. 1935-இல் அம்பேத்கர் இந்து மதத்தை விட்டு வெளியேறப்போவதாக அறிவித்தபோது, நாம் வர்ணத்துக்கு வெளியே இருப்பவர்கள், இந்துக்களே இல்லை, பிறகு எதற்கு மதம் மாற வேண்டும் என்று சீனிவாசன் மாற்றுக் கருத்துச் சொன்னார். கருத்து வேறுபட்டாலும் ஒருவரை ஒருவர் மதிக்கலாம் என்பதற்கு இது ஒரு பாடம். ஒரே தெருவில் மூன்று கொடிக்கம்பம் நட்டு மூன்று பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நம் இளைஞர்கள் இதை யோசிக்க வேண்டும்.

தனித் தொகுதியின் கதை

1932 செப்டம்பர் 24-ஆம் தேதி ஏற்பட்ட பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கரோடு சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் கையெழுத்திட்டார்கள். நம் மக்கள் மட்டுமே ஓட்டுப் போட்டு நம் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதி கைவிடப்பட்டது. பதிலுக்கு, எல்லோரும் ஓட்டுப் போடும் தொகுதிகளில் மாகாணச் சட்டசபைகளுக்கு மொத்தம் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதில் 30 இடங்கள் சென்னை மாகாணத்துக்கு. இன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 தொகுதிகளில் 44 தொகுதிகள் பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதிகள். நம் மாவட்டத்தின் ஆறு தொகுதிகளில் கந்தர்வகோட்டை தனித் தொகுதி. அதற்கு முன் குளத்தூர் இருந்தது. இவற்றின் வேர் அந்த ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது.

இதில் நாம் மனம்விட்டுப் பேச வேண்டிய ஒரு சங்கதி உண்டு. நியமன உறுப்பினராக இருந்த சீனிவாசனுக்கு ஓட்டுப் பலம் இல்லை; ஆனால் யாருடைய ஓட்டுக்கும் அவர் பயப்பட வேண்டியதும் இல்லை. இன்றைய தனித் தொகுதி உறுப்பினருக்கு மக்கள் தந்த ஓட்டு இருக்கிறது. அது பெரிய மரியாதை. ஆனால் அந்த ஓட்டில் பெரும்பங்கு ஊர்த் தெருவிலிருந்து வருகிறது. காலனிக்கும் ஊருக்கும் தகராறு என்று வந்தால் அவர் எந்தப் பக்கம் நின்று பேசுவார்? பேசினால் அடுத்த தேர்தலில் கட்சி சீட்டுக் கொடுக்குமா? இந்த நெருக்கடியை மீறிப் பேசியவர்களும் இருக்கிறார்கள். மௌனமாக இருந்துவிட்டவர்களும் இருக்கிறார்கள். ஓட்டுக் கேட்டு வரும்போது மாலை போடுவதோடு நிறுத்திவிடாமல், எங்களுக்காகச் சபையில் எத்தனை கேள்வி கேட்டீர்கள் என்று நாம் கேட்க வேண்டும். எந்தக் கட்சியாக இருந்தாலும் கேட்க வேண்டும்.

தீர்மானம் சட்டமான கதை

சீனிவாசன் 1924-இல் போட்ட விதை மெதுவாகத்தான் முளைத்தது. 1938-இல் ராஜாஜி ஆட்சியின்போது எம்.சி. ராஜா கொண்டுவந்த மசோதா, சமூகத் தடைகள் நீக்கச் சட்டமாக நிறைவேறியது. அதன்படி பொதுக் கிணறு, குளம், பாதை போன்றவற்றில் ஒருவரைத் தடுப்பது குற்றம் ஆனது. தீர்மானத்துக்கும் இந்தச் சட்டத்துக்கும் நடுவே 14 ஆண்டுகள்.

1950-இல் அரசியல் சட்டம் வந்தது. தீண்டாமையை ஒழித்த 17-ஆவது பிரிவை நம் மாணவர்கள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதற்கு முன்னால் 15-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவைத் திறந்து பாருங்கள். கிணறு, குளம், குளிக்கும் துறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடம் என்று வரிசையாக இருக்கும். சென்னைச் சட்டசபையில் 64 வயதுப் பெரியவர் ஒருவர் எழுந்து நின்று கேட்டவை ஏறக்குறைய அதே வரிசையில் அங்கே இருக்கின்றன. 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பயன்படுத்தும் நீர்நிலையை அசுத்தப்படுத்துவது தனிக் குற்றம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. லண்டனில் அவர் கேட்டது ஊர்ச் சட்டமாகி வந்து சேர்ந்தது.

ஆனால் அதைப் பார்க்க அவர் இல்லை. 1945 செப்டம்பர் 18-ஆம் தேதி, 85 வயதில் அவர் காலமானார்.

வேங்கைவயல்

2022 டிசம்பர் 26. அன்னவாசல் ஒன்றியம், முட்டுக்காடு ஊராட்சி, வேங்கைவயல். ஆதிதிராவிடர் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லை. குடிதண்ணீரில் கோளாறு இருக்கலாம் என்று மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தவர்கள் கண்ட காட்சி நாடு முழுவதும் தெரியும். மறுநாள் ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் போனார்கள். போன இடத்தில் இன்னும் இரண்டு சங்கதிகள் வெளியே வந்தன. பக்கத்து டீக்கடையில் இரட்டைக் குவளை. அய்யனார் கோயிலுக்குள் அனுமதி இல்லை. அன்றைக்கே மக்களைக் கோயிலுக்குள் அழைத்துப் போனார்கள் அதிகாரிகள். தொட்டிக்காக வந்தவர்கள், குவளையையும் கோயிலையும் சேர்த்துப் பார்த்தார்கள். இவை தனித்தனி நோய் இல்லை.

வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதியைக் கொண்டு ஒருநபர் ஆணையம் அமைத்தது. மரபணுச் சோதனைகள் நடந்தன. 2025 ஜனவரியில், அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர் மீது குற்றம்சாட்டி அறிக்கை தாக்கலானது. மக்கள் அதை ஏற்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களையே குற்றவாளி ஆக்குகிறார்கள் என்று கொதித்தார்கள். சிபிஐ விசாரணை கேட்டார்கள். யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. அதில் நாம் நுழையவில்லை. ஆனால் நாம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஊர்ப் பெண்கள் ஒவ்வொரு நாளும் குடத்தைத் தூக்கும்போது அந்தத் தொட்டி ஞாபகம் வரும். குற்றப்பத்திரிகை வரவே இரண்டு ஆண்டுகள் தாண்டியது. இப்படித் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும், சட்டத்தின் மேல் அந்தப் பிள்ளைகளுக்கு இருக்க வேண்டிய நம்பிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது.

1924-இல் சட்டம் இல்லை. தீர்மானம் மட்டும் இருந்தது. இன்று சட்டத்துக்குப் பஞ்சம் இல்லை. அதை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வரும் கைகளுக்குத்தான் பஞ்சம்.

நாம் என்ன செய்யலாம்

கிராம சபை ஆண்டுக்கு ஆறு தடவை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். நம் குடியிருப்பின் தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது, மூடி இருக்கிறதா, பூட்டு இருக்கிறதா, ஏணிக்குக் கதவு இருக்கிறதா என்று அன்றைக்கு எழுந்து கேட்கலாம். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம். எழுதாவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்து, ரசீதை வாங்கிப் பத்திரமாக வைக்கலாம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையில் ஒரு விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அது கூட வேண்டும். மாவட்டத்தின் சட்டமன்ற உறுப்பினர்களும் நாடாளுமன்ற உறுப்பினரும் அதில் உறுப்பினர்கள். நம் தொகுதி உறுப்பினரைப் பார்க்கும்போது, போன கூட்டத்துக்குப் போனீர்களா, நம் ஊர் வழக்கைப் பற்றிக் கேட்டீர்களா என்று விசாரிப்பது நம் உரிமை. நலத் திட்டத்துக்கு மட்டும் அவரிடம் போனால், அவரும் நலத் திட்டத்தோடு நின்றுவிடுவார்.

ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சென்னை கிண்டியில், காந்தி மண்டப வளாகத்தில் தாத்தாவுக்கு மணிமண்டபம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் அவருக்கு அஞ்சல்தலையும் வெளியிட்டார்கள். சென்னைக்குப் போனால் போய்ப் பாருங்கள். அதைவிட முக்கியம், அவருடைய ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ நூலைத் தேடிப் படியுங்கள். தமிழில் நம் மக்களில் ஒருவர் எழுதிய தன்வரலாறுகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. பெயரிலேயே சொன்னபடி சுருக்கமானது. ஒரு மாலைப் பொழுதில் படித்துவிடலாம். 15 ஆண்டு சட்டசபை வாழ்க்கையையும் லண்டன் பயணத்தையும் எழுதியவர், மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே நின்ற பையனை மறைக்கவில்லை. அந்தப் பையன் இல்லாமல் அந்தத் தீர்மானம் இல்லை.

அடுத்த கிராம சபைக்கு உங்கள் ஊரிலிருந்து யார் போகிறார்கள் என்று இன்றைக்கே வீட்டில் கேளுங்கள். ஒருவரும் போகவில்லை என்றால் நீங்கள் போங்கள். கூட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே போய், முன்வரிசையில் உட்காருங்கள்.